இயந்திரம் இல்லாமல் முதல் பிரெட்: எந்த வழியில் தொடங்குவது?

வீட்டிலேயே பிரெட் சுட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மெஷின் இல்லாமல், வெறும் கையால் பிசைந்து முடியுமா?" தாராளமாக முடியும். பல ஆயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் கையால்தான் பிசைந்து வந்திருக்கிறார்கள். வீட்டு உபயோகத்துக்கான பிரெட் மெஷின் விற்பனைக்கு வந்ததே 1980களின் பிற்பகுதியில்தான்.

அந்த மெஷின் என்னதான் செய்கிறது என்று கூர்ந்து பார்த்தால் ஒரு விஷயம் புரியும். அது பிசைவது ஏறத்தாழ இருபது, இருபத்தைந்து நிமிடங்கள். அதன்பின் மணிக்கணக்கில் மாவைக் கதகதப்பாக வைத்துக்கொண்டு, நேரம் பார்த்துக் காத்திருக்கிறது. கை வலியைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். நாம் ஏற்கப்போகும் பெரிய வேலையோ அந்தக் காவல். ஆகவே எந்த முறையில் தொடங்குவது என்று முடிவெடுக்கும் முன், மாவுக்குப் பக்கத்தில் உங்களால் எத்தனை மணி நேரம் இருக்க முடியும் என்று கணக்குப் பாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

இயந்திரம் இல்லாதவருக்கு முன்னால் இருக்கும் வழிகள் நான்கு: ஈஸ்ட் சேர்த்துக் கையால் பிசைந்து அச்சில் சுடுவது, பிசையாமல் இரவு முழுக்க ஊறவிட்டு மூடிய பாத்திரத்தில் சுடுவது, ஈஸ்ட்டே இல்லாமல் சமையல் சோடாவில் செய்வது, காற்றிலும் மாவிலும் உள்ள நுண்ணுயிர்களை வளர்த்துப் புளிப்புப் பிரெட் செய்வது. என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரை நாள் வீட்டில் இருக்க முடிந்தவர் முதல் வழியில் தொடங்கட்டும். முடியாதவருக்கு இரண்டாவது. மற்ற இரண்டும் முதல் பிரெட்டுக்கு உரியவை அல்ல என்பது என் கருத்து.

கையால் பிசைவது

கோதுமை மாவில் தண்ணீர் சேர்ந்ததும், அதிலுள்ள இரண்டு புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து குளூட்டன் என்ற வலையாகின்றன. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வெளிவிடும் கரியமில வாயுவைப் பிடித்துவைப்பது இந்த வலைதான். வலை நன்றாக இருந்தால் மாவு பலூன் போல உப்பும். நைந்து இருந்தால் வாயு கசிந்துபோய் பிரெட் கல்லாகும். பிசைவது என்பது இந்த வலையை இழுத்து, மடித்து, வரிசைப்படுத்தும் வேலை.

இது கைக்குரிய வேலை என்பதற்கு மெஷினின் பிறப்பே சாட்சி. ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் பிரெட் மெஷினை உருவாக்க முயன்றபோது, முதல் மாதிரிகளில் மேலோடு தீய்ந்து உட்புறம் வேகாமல் போனது. காரணம் பிடிபடவில்லை. பொறியாளர் இக்குகோ தனாகா, ஒசாகா நகரில் நல்ல பிரெட்டுக்குப் பெயர் பெற்ற ஒரு ஹோட்டலின் தலைமைப் பிரெட் கலைஞரிடம் போய்ப் பயிற்சி பெற்றார். மாவை இழுப்பதோடு அவர் ஒரு முறுக்கும் கொடுக்கிறார் என்பதைக் கவனித்தார். அந்த முறுக்கைக் கொண்டுவரவே மெஷினின் பாத்திரத்துக்குள் பட்டைகள் வைத்தார்கள். மெஷின் கற்றுக்கொண்டது ஒரு மனிதரின் கையிலிருந்து.

முதல் பிரெட்டுக்கு இந்த அளவு போதும்: 500 கிராம் மாவு, 325 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு, 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். மென்மை வேண்டுமென்றால் இரண்டு தேக்கரண்டி எண்ணெயும் ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் சேர்க்கலாம். தண்ணீரையும் தராசில் நிறுங்கள். மாவைக் கோப்பையால் அளக்காதீர்கள். அள்ளும் விதத்தைப் பொறுத்து ஒரே கோப்பையில் 120 கிராமும் வரும், 150 கிராமும் வரும். சமையலறைத் தராசு ஒன்று வாங்குவதுதான் இதில் உண்மையிலேயே அவசியமான செலவு.

எல்லாவற்றையும் கலந்ததும் பிசைய ஆரம்பிக்காதீர்கள். உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கிளறி, ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். மாவும் தண்ணீரும் சும்மா கிடக்கும்போதே வலை தானாகப் பின்னத் தொடங்கிவிடுகிறது. பிரான்ஸ் நாட்டின் பிரெட் நிபுணர் ரேமோன் கால்வெல் 1970களில் இதை ஒரு முறையாகவே வகுத்துக் கற்பித்தார். அவர் முறையில் உப்பையும் ஈஸ்ட்டையும் பிறகுதான் சேர்ப்பார்கள். முதன்முறை செய்கிறவர் எல்லாவற்றையும் சேர்த்தே விட்டாலும் பலன் பெருமளவு கிடைக்கும். ஓய்வெடுத்த மாவுக்குப் பிசைய வேண்டிய நேரம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைகிறது. கை வலிக்குப் பயப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

பிறகு பிசையும்போது ஒரு சோதனை வரும். முதல் இரண்டு மூன்று நிமிடங்கள் மாவு விரலிடுக்கில் எல்லாம் ஒட்டும், மேடையில் ஈஷிக்கொள்ளும். "தண்ணீர் அதிகமாகிவிட்டது" என்று மனம் பதறும். கை தானாக மாவு டப்பாவுக்குப் போகும். போக விடாதீர்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளி, மடித்து, கால் வட்டம் திருப்பி மீண்டும் தள்ளுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் மேடையில் ஒட்டியிருந்ததெல்லாம் மாவோடு சேர்ந்துகொள்ளும். எட்டாவது நிமிடத்தில், ஏதோ ஒரு தள்ளலில், மாவு திருப்பித் தள்ளுவதை உணர்வீர்கள். அதுவரை களிமண்ணாக இருந்தது இப்போது காது மடலைப் போல மெத்தென்று, மேல்தோல் வழுவழுப்பாக, குழைவும் விறைப்பும் ஒருசேர இருக்கும். எலுமிச்சை அளவு கிள்ளியெடுத்து இரு கை விரல்களாலும் மெல்ல விரித்துப் பாருங்கள். கிழியாமல், பின்னாலிருக்கும் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிய படலமானால் போதும், நிறுத்திவிடலாம்.

இந்த முறையை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் இந்த எட்டாவது நிமிடம்தான். எது பிரெட்டுக்கு ஏற்ற மாவு, எது இல்லை என்பதை ஒரே தடவையில் கை கற்றுக்கொள்கிறது. பிற்பாடு எந்த முறைக்குப் போனாலும், எந்த மாவை வாங்கினாலும் அந்த நினைவு உதவும். இன்னொரு வசதி, எல்லாமே நான்கைந்து மணி நேரத்துக்குள் உங்கள் கண்ணெதிரே நடக்கிறது. தவறு நேர்ந்தால் எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்று சொல்ல முடியும்.

குறையும் உண்டு. கலந்ததிலிருந்து சுட்டெடுக்கும் வரை மாவை விட்டு வெகுதூரம் போக முடியாது. மணிக்கட்டில் வலி உள்ளவர்களுக்குப் பத்து நிமிடப் பிசைதலும் கஷ்டம்தான். சுவையிலும் இரவு முழுக்க ஊறிய மாவின் ஆழம் இதற்கு வராது.

பிசையாமல் விடுவது

2006 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் மார்க் பிட்மன் ஒரு செய்முறையை எழுதினார். அது நியூயார்க்கில் பேக்கரி நடத்திவந்த ஜிம் லேஹி என்பவருடையது. பிசையவே வேண்டாம், ஈஸ்ட்டும் சிட்டிகைதான். உலகம் முழுக்க வீட்டுச் சமையலறைகளில் அந்தச் செய்முறை பரவியது. பயந்து ஒதுங்கியிருந்த பலரைப் பிரெட் பக்கம் அழைத்துவந்த பெருமை அதற்கு உண்டு.

400 கிராம் மாவு, 300 கிராம் தண்ணீர், 8 கிராம் உப்பு, 1 கிராம் ஈஸ்ட். கரண்டியால் ஒரு நிமிடம் கிளறி மூடிவைத்தால் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். பிசையும் கை செய்வதை இங்கே நேரமும் ஈரமும் செய்கின்றன. மறுநாள் மூடியைத் திறந்தால் மேற்பரப்பெங்கும் குமிழிகள், லேசான புளிப்பு வாசனை. மாவு தூவிய மேடையில் கொட்டி, நான்கு பக்கமும் மடித்து, இன்னும் ஓரிரு மணி நேரம் விட வேண்டும். பிறகு ஓவனில் 230 டிகிரி சூட்டில் அரை மணி நேரமாகக் காய்ந்துகொண்டிருக்கும் கனத்த வார்ப்பிரும்புப் பாத்திரத்தில் இட்டு, மூடி வைத்து அரை மணி, திறந்து பதினைந்து நிமிடம் அல்லது சற்றுக் கூடுதலாகச் சுட வேண்டும். மாவிலிருந்து எழும் நீராவி மூடிய பாத்திரத்துக்குள்ளேயே நிற்பதால் மேல்தோல் சீக்கிரம் இறுகுவதில்லை. பிரெட் நன்றாக உயர்ந்த பிறகே மேலோடு மொறுமொறுப்பாகிறது. வெளியே எடுத்து வைத்ததும் ஓடு சிறிது சிறிதாக வெடிக்கும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே இதைச் செய்யலாம்.

பலன் என்று பார்த்தால் இந்தப் பிரெட்தான் உயர்ந்தது. சுவை, மேலோடு, உள்ளே பெரிய பெரிய துளைகள் எல்லாவற்றிலும் அச்சுப் பிரெட்டை மிஞ்சும். அப்படியிருந்தும் இதை நான் இரண்டாவதாக வைக்கிறேன். மாவு கூழ் போலத் தளர்வாக இருப்பதால், மாவைத் தொட்டுப் பழகாத கைக்கு அதை மடிப்பதும் காய்ந்த பாத்திரத்தில் இறக்குவதும் திகிலான வேலை. 230 டிகிரி சூடான இரும்பைச் சற்று மறந்து தொட்டுவிட்டால் கை வெந்துவிடும். கனத்த பாத்திரம் இல்லாவிட்டால் வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பதினெட்டு மணி நேரக் கணக்கு 21 டிகிரி அளவில் உள்ள அறைக்குப் போட்ட கணக்கு. 30 டிகிரியில் அதே மாவு அதற்கு வெகு முன்பே பொங்கி அடங்கி, தட்டையாகி, சாராய வாசனை அடிக்கத் தொடங்கிவிடும். வெப்பமான அறையில் இந்த முறையைச் செய்கிறவர்கள் குளிர்ந்த தண்ணீரில் கலந்து, இரண்டு மூன்று மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, மீதி நேரத்துக்குக் குளிர்சாதனப் பெட்டிக்குள் தள்ளிவிடுவது நல்லது.

காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவருக்கு இதுவே சரியான வழி. மணிக்கட்டு வலி உள்ளவருக்கும் அப்படியே.

மற்றவை

சோடாப் பிரெட் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். மோரின் புளிப்பும் சமையல் சோடாவும் கலந்த கணத்திலேயே வாயு கிளம்பிவிடுவதால், கலந்தவுடன் ஓவனுக்குள் வைத்துவிட வேண்டும். அதிகம் கையாளவே கூடாது. அவசரத்துக்கு நல்லது, சூடாக வெண்ணெய் தடவிச் சாப்பிட அருமை. ஆனால் அது கேக்கின் உறவு. அதைப் பத்துத் தடவை செய்தாலும் ஈஸ்ட் மாவைப் பற்றி ஒன்றும் தெரியவராது.

புளிப்புப் பிரெட்டின் மேல் எனக்குப் பெரிய காதல் உண்டு. அதனால்தான் முதலில் வேண்டாம் என்கிறேன். மாவையும் தண்ணீரையும் கலந்து, நாள்தோறும் பாதியைக் கழித்துப் புதிதாக ஊட்டி, காட்டு ஈஸ்ட்டும் லாக்டிக் அமிலப் பாக்டீரியாவும் நிலைபெற ஒரு வாரம், இரண்டு வாரம்கூட ஆகும். அதன்பின் பிரெட் சரியாக வராவிட்டால் குறை அப்படி வளர்த்த தாய்ப்புளிப்பிலா, பிசைந்ததிலா, பொங்கவிட்டதிலா, ஓவனிலா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. மூன்று நான்கு ஈஸ்ட் பிரெட்கள் கைக்கு வந்த பிறகு போனால் அதே வேலை சுகமாக இருக்கும்.

வீட்டில் ஏற்கெனவே ஸ்டாண்ட் மிக்சர் (மாவு பிசையும் கொக்கி உள்ள மேடைக் கலப்பான்) இருந்தால் பயன்படுத்துங்கள். குறைந்த வேகத்தில் ஆறேழு நிமிடம் போதும். சுழற்சியின் உராய்வில் மாவு சூடாகும் என்பதால் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கட்டும். இதற்கென்று புதிதாக ஒன்று வாங்க வேண்டாம்.

மாவும் ஈஸ்ட்டும்

"பிரெட் மாவு" என்று விற்கப்படுவதில் பெரும்பாலும் 12 முதல் 14 சதவீதம் புரதம் இருக்கும். அது கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மைதாவில் பாக்கெட்டின் பின்புறம் பார்த்து, 100 கிராமுக்கு 10 கிராமுக்கு மேல் புரதம் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். முழுக் கோதுமை மாவு உடலுக்கு நல்லது என்பதற்காக முதல் பிரெட்டையே முழுக்க அதில் செய்ய முயன்று மனம் உடைந்தவர்கள் நிறையப் பேர். தவிடு குளூட்டன் வலையை அறுக்கும், தண்ணீரையும் கூடுதலாகக் குடிக்கும். கால் பங்கு முழுக் கோதுமை, முக்கால் பங்கு வெள்ளை மாவு என்று ஆரம்பித்து, தண்ணீரை ஓரிரு மேசைக்கரண்டி கூட்டிக்கொண்டால் பிரெட் நன்றாகவே உப்பும். அடுத்தடுத்த தடவைகளில் பங்கை உயர்த்திக்கொள்ளலாம்.

ஈஸ்ட்டில் இன்ஸ்டன்ட் வகைதான் முதல் தடவைக்கு ஏற்றது. உலர்ந்த மாவோடு நேராகக் கலந்துவிடலாம். ஆக்டிவ் டிரை என்று எழுதியிருப்பதைப் பொதுவாக 40 டிகிரி அளவுள்ள வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நுரைத்த பிறகு சேர்ப்பார்கள். இன்ஸ்டன்ட்டைவிடச் சற்றுக் கூடுதலாக வேண்டும். ஈரமான புதிய ஈஸ்ட் கட்டி ஏறத்தாழ மூன்று மடங்கு எடை வேண்டும், சில வாரங்களிலேயே கெட்டும்போகும்.

நான் முதன்முதலில் பிசைந்த மாவு உப்பவே இல்லை. செய்முறையில் "வெதுவெதுப்பான தண்ணீர்" என்று இருந்தது. கொதித்து இறக்கிய தண்ணீரில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விளாவி, விரல் பொறுக்கிறதே என்று ஈஸ்ட்டைப் போட்டேன். நுரை வரவில்லை. வராதது ஒரு செய்தி என்று அப்போது தெரியாது. மூன்று மணி நேரம் காத்திருந்தேன். மூடியைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் பிசைந்து வைத்த உருண்டை, வைத்த அளவிலேயே, மேல்தோல் காய்ந்து கிடந்தது. 50 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் தள்ளாடும், 60 டிகிரிக்குள் செத்துவிடும். விரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இப்போது நான் அறை வெப்பத் தண்ணீரையே ஊற்றுகிறேன். உப்ப அரை மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். சூட்டில் ஈஸ்ட் செத்துப்போகும், குளிரில் தூங்கத்தான் செய்யும்.

பொங்குவதும் சுடுவதும்

செய்முறைகளில் "ஒரு மணி நேரம் விடவும்" என்று இருப்பதை ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 26 டிகிரி அறையில் ஒரு மணி நேரம் என்பது 32 டிகிரியில் முக்கால் மணிக்கும் குறையலாம், 20 டிகிரியில் இரண்டு மணி நேரத்தை எட்டலாம். மெஷினுக்கு இந்தக் கவலை குறைவு, தன் சூட்டைத் தானே பார்த்துக்கொள்கிறது. நமக்கு இருக்கும் கருவி கண். நேரான சுவர் உள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் மாவை வைத்து, அது நிற்கும் மட்டத்தில் ஒரு ரப்பர் வளையம் மாட்டுங்கள். இரண்டு மடங்கு உயர்ந்ததா என்பதில் பிறகு சந்தேகமே வராது.

உயர்ந்த மாவை உருட்டி அச்சில் வைத்த பிறகு, இரண்டாம் முறை பொங்கும்போது விரல் சோதனை. மாவு தொட்ட விரலால் அரை அங்குலம் அழுத்துங்கள். குழி சட்டென்று எழும்பிவிட்டால் இன்னும் பொறுக்க வேண்டும். சோம்பலாக எழுந்து, லேசான பள்ளம் மிஞ்சி நின்றால் அதுதான் நேரம். எழவே எழாவிட்டால் கடந்துவிட்டது. உடனே ஓவனில் வையுங்கள், சற்றுத் தட்டையானாலும் சாப்பிடலாம்.

அச்சா, பாத்திரமா என்ற கேள்விக்கு, முதல் தடவை அச்சு என்பதே என் பதில். உருட்டி வடிவம் கொடுப்பதில் செய்யும் பிழைகளை அச்சின் சுவர்கள் தாங்கிக்கொள்ளும். 500 கிராம் மாவுக்கு ஒன்பது அங்குல நீளமும் ஐந்து அங்குல அகலமும் உள்ள அச்சு பொருந்தும். 210 டிகிரியில் முப்பத்தைந்து நிமிடங்கள். மேலே சீக்கிரம் சிவந்தால் அலுமினியத் தாளால் மூடுங்கள். வெந்ததா என்று பார்க்க, அச்சிலிருந்து கவிழ்த்து அடியில் தட்டினால் வெற்றுக் குடம் போல ஒலிக்கும் என்பார்கள். அதைவிட நம்பத்தக்கது வெப்பமானி. நடுப்பகுதி 93 டிகிரியைத் தொட்டிருந்தால் வெந்துவிட்டது.

ஆறும் வரை வெட்டக் கூடாது என்பதை மட்டும் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். வீடே மணக்கும், எல்லோரும் சுற்றி நிற்பார்கள். ஆனாலும் கம்பித் தட்டில் குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள். உள்ளே மாச்சத்து இன்னும் இறுகிக்கொண்டிருக்கிறது, நீராவி இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கிறது. சூட்டோடு வெட்டினால் கத்தியில் பிசுபிசுவென்று அப்பும். நன்றாக வெந்த பிரெட்டைக்கூட வேகவில்லை என்று நினைத்துவிடுவீர்கள். மீந்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள், அங்கே அறையில் இருப்பதைவிட வேகமாக விறைத்துப்போகும். இரண்டு நாளைக்கு மேல் வேண்டுமானால் துண்டு போட்டு உறைபெட்டியில் வையுங்கள்.

வெட்டிய முதல் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளைகள் சிறிதாக, நெருக்கமாக, அடிப்பக்கம் கனமாக இருந்தால் பொங்கியது போதவில்லை. மேலோட்டுக்கு அடியில் பெரிய குகை போலத் திறந்திருந்தால் வடிவம் கொடுக்கும்போது காற்றுச் சிக்கியிருக்கிறது. பார்த்ததை எழுதி வையுங்கள்: அறையின் வெப்பம், பொங்க எடுத்த நேரம், தண்ணீரின் எடை. இரண்டாவது பிரெட்டை அதே மாவில், அதே அச்சில், அதே அளவில் செய்யுங்கள், தண்ணீரை மட்டும் 15 கிராம் கூட்டி. அந்த 15 கிராம் மாவில் என்ன செய்கிறது என்று உங்கள் கை உடனே கண்டுபிடித்துவிடும்.